பெயர் வாசித்து வாங்குவது காணிக்கையா?

கேள்வி: எங்கள் ஆலயக் கட்டட வேலைக்குக் குடும்பத்துக்கு 25,000 ரூபாய் என்று தீர்மானித்திருக்கிறார்கள். கட்டாதவர்களின் பெயரை ஞாயிறு ஆராதனை முடிவில் வாசிக்கிறார்கள். "ஆதிச்சபையில் எல்லாம் பொதுவாக இருந்தது. கொடுக்காதவர் ஒற்றுமையைக் குலைக்கிறார், அனனியாவை நினையுங்கள்" என்கிறார் நிர்வாகசபை உறுப்பினர் ஒருவர். தோட்டை அடைவு வைத்தாவது கட்டிவிடட்டுமா?
- ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்: வைக்காதீர்கள், சகோதரி.

காணி விற்ற காசில் பொய் சொல்லிச் செத்துவிழுந்த அனனியாவைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர் அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனத்தை வாசிக்கவில்லை. காணியை விற்கமுன் அது உன்னுடையதுதானே, விற்ற பிறகும் காசு உன் கையில்தானே இருந்தது என்றுதான் பேதுரு கேட்கிறார். அதாவது, அவன் விற்காமலே இருந்திருக்கலாம். பாதியைக் கொடுத்து, பாதி என்றே சொல்லியிருக்கலாம். ஒரு பங்கை ஒளித்துவிட்டு முழுவதையும் கொடுத்தவன்போல வந்து நின்ற பொய்தான் அவனைக் கொன்றது. அதே எருசலேமில் மாற்குவின் தாய் மரியாளுக்குச் சொந்த வீடு இருந்தது. சபை அங்கே கூடி ஜெபித்தது. 'ஏன் இன்னும் விற்கவில்லை' என்று ஒருவரும் அவளைக் கேட்டதாக எழுதியில்லை.

ஆதிச்சபையில் சேர்ந்த காசு எந்தப் பக்கம் போனது என்றும் பாருங்கள். சீப்புரு தீவானான பர்னபா நிலத்தை விற்றுக் கொண்டுவந்தது கட்டடத்துக்கல்ல. அங்கே கொடுத்ததெல்லாம் அவரவர் தேவைக்குத்தக்கதாகப் பகிரப்பட்டது, குறைவுபட்டவர் ஒருவரும் இருக்கவில்லை என்கிறது வேதம். உங்கள் சபையில் ஓட்டம் தலைகீழ்: இல்லாதவளிடமிருந்து சுவருக்குப் போகிறது.

வன்னியில் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் எத்தனை, நுண்கடனில் மாட்டிய பெண்கள் எத்தனை என்று நிர்வாகசபைக்குத் தெரியாதா? கடன் குழுவின் கிழமைக் கூட்டத்தில் ஒருத்தி தவணை கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கிறாள். கடன்காரனுக்கு முன்னால் நின்ற அதே நிலையில் ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன்னாலும் அவளை நிறுத்துவது பாவம். இந்தச் சொல்லை யோசித்தே எழுதுகிறேன்.

ஒற்றுமை என்றால் என்னவென்று வன்னிச் சனத்துக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணியுமாகக் காய்ச்சிய கஞ்சியைப் பகிர்ந்து குடித்த சனம் இது. பிறகு செட்டிகுளம் முகாம்களில் ஒரு கூடாரத்துக்குள் இரண்டு மூன்று குடும்பம் அடைந்து கிடந்தபோது, பக்கத்துக் குழந்தைக்குப் பால்மாவில் ஒரு கரண்டி கொடுத்தவள், அது கத்தோலிக்கப் பிள்ளையா மெதடிஸ்தப் பிள்ளையா என்று கேட்டுக் கொடுக்கவில்லை. யாரும் கொப்பியில் எழுதவுமில்லை.

ஆலயம் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூரை ஒழுகினால் திருத்தத்தான் வேண்டும். அதற்குப் பவுல் வழி சொல்லியிருக்கிறார்: விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, அவனவன் தன் மனதில் நியமித்தபடி (2 கொரிந்தியர் 9:7). கொடுமையான தரித்திரத்திலும் அள்ளிக் கொடுத்த மக்கெதோனியா சபைகளை அவர் மெச்சுகிறார். ஆனால் அவர்கள் தாங்களாகவே கேட்டுக் கொடுத்தவர்கள்.

நாலைந்து பேராகப் போய்ப் போதகரைச் சந்தியுங்கள். பெயர் வாசிப்பதை வருகிற ஞாயிறே நிறுத்தச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து பெருந்தொகை அனுப்புகிறவரின் பெயரைக் கல்லில் வெட்டும் யோசனை இருந்தால் அதையும் கைவிடச் சொல்லுங்கள். சேர்கிற நிதியில் சபையின் விதவைகளுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.