விட்ட காசும் வர வேண்டிய பலனும்: வாசகர் கேள்விகள்

குடும்பத்துக்காகக் காசை விட்டவர்களின் கேள்விகள்தான் இம்முறை அதிகம். யாரும் ஏமாந்துவிட்டதாக எழுதவில்லை. "இதற்கெல்லாம் ஒரு பலன் உண்டா?" என்றுதான் கேட்கிறார்கள். உண்டு. ஆனால் அது தானாக வீடு தேடி வராது. வாய் திறந்து கதைக்க வேண்டும், சில இடங்களில் எழுத்திலும் போட வேண்டும்.

14 வருடம் கட்டாரில் உழைத்தேன். இரண்டு தங்கச்சிமாருக்கும் சீதனம் கொடுத்தேன். தம்பி கனடா போக ஏஜென்சிக் காசும் நான்தான் கட்டினேன். இப்போது 46 வயது. திரும்பி வந்து வாடகை ஓட்டோ ஓடுகிறேன். தம்பி ஞாயிறுதோறும் எடுத்துக் கதைப்பான், "உனக்கு ஏதும் தேவையா" என்று மட்டும் கேட்கமாட்டான். நானாகக் கேட்டால் கணக்குப் பார்க்கிறேன் என்பார்களோ? (கோப்பாய்)

கேளுங்கள். கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

முதலில் காசு போன வழியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். தங்கச்சிமாருக்குக் கொடுத்தது சீதனம். கொடுத்த அன்றே அது அவர்களுடையதாகிவிட்டது. அதை இனிக் கிளறினால் மச்சான்மாரோடு மனத்தாங்கல்தான் மிஞ்சும். தம்பியின் ஏஜென்சிக் காசு அப்படியல்ல. ஒருவரைக் கரைசேர்த்தால் அவர் மற்றவர்களைத் தூக்கிவிட வேண்டும் என்பது எங்கள் ஊரில் சொல்லாமலே விளங்கிய ஒப்பந்தம். தம்பிக்கும் அது தெரியும்.

அப்படியென்றால் ஏன் கேட்கவில்லை? உடனே நன்றி கெட்டவன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இத்தனை வருடமும் ஒவ்வொரு அழைப்பிலும் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? "எனக்கென்ன குறை, நீ உன் குடும்பத்தைப் பார்" என்றுதானே? பெரும்பாலான அண்ணாமார் அப்படித்தான் சொல்வார்கள். தம்பிமாரும் அதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

ஆகவே அடுத்த ஞாயிறு, ஸ்பீக்கரில் போடாமல், தனியாகக் கதையுங்கள். "உனக்கு நான் எவ்வளவு செய்தேன்" என்று தொடங்க வேண்டாம். ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள். "தம்பி, அம்மாவின் காணியில் இரண்டு அறையும் குசினியும் போடப் போகிறேன். அத்திவாரத்தையும் சுவரையும் நான் பார்க்கிறேன். கூரையை நீ பொறுப்பெடுக்கிறாயா?" மேசனிடம் கூரைச் செலவை ஒரு தாளில் எழுதி வாங்கி, படம் எடுத்து அனுப்புங்கள். கூரை, இவ்வளவு மரம், இவ்வளவு ஓடு, இவ்வளவு கூலி என்று கண்முன் தெரிந்தால் பதில் சொல்வது அவருக்கும் சுலபம். மூன்று தவணையில் தருகிறேன் என்றாலும் சம்மதியுங்கள்.

ஒரு கல் வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்தக் காணி அம்மாவின் பெயரில் இருக்கும்வரை, நீங்கள் கட்டும் வீடு நாளை எல்லாப் பிள்ளைகளுக்கும் இடையில் பிரச்சினையாகலாம். அம்மா நல்ல நினைவோடு இருக்கும்போதே, நீங்கள் கட்டும் துண்டையாவது உங்கள் பெயருக்கு உறுதி எழுதுவியுங்கள். தங்கச்சிமாரிடம் காசு கேட்க வேண்டாம் என்றேன். இதற்கு அவர்களின் சம்மதத்தைக் கேளுங்கள். அவர்கள் உங்களுக்குத் திருப்பிச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அதுதான். கூச்சப்படாமல் அப்படியே சொல்லுங்கள்.

மகனின் ரியூசனுக்கும் கம்பஸ் செலவுக்கும் 2021இல் அட்டியலையும் இரண்டு காப்பையும் வங்கியில் அடைவு வைத்தேன். வட்டி கட்டிக் கட்டிப் புதுப்பித்து வருகிறேன். இப்போது மகன் வேலையாகி மாதம் காசு அனுப்புகிறான். அதை அவன் பெயரிலேயே போட்டு வைக்கிறேன். எனக்கு இனி என்ன தேவை? (சாவகச்சேரி)

தேவை இருக்கிறது, அம்மா. அந்த அட்டியல்.

2021இல் பவுன் ஒரு லட்சத்தை ஒட்டி நின்றது. 2025இல் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நீங்கள் எடுத்த கடனோ அன்றைய விலைக்கு எடுத்தது. இன்று மீட்டால், கட்டும் காசைவிடப் பெறுமதி கூடிய பொருள் உங்கள் கைக்கு வரும். வட்டியிலேயே காலத்தைக் கடத்துவதில் ஒரு லாபமும் இல்லை. தவணை தவறினால் நகை ஏலத்துக்கும் போகலாம். நான் வங்கியில் வேலை செய்த காலத்தில், ஏல அறிவித்தல் கிடைத்த பிறகு பதறி ஓடிவந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு விஷயமே தெரிந்திருக்காது.

அடைவுத் துண்டை மகனிடம் காட்டுங்கள். அவர் படித்த படிப்புக்குள் அந்த அட்டியலும் இருந்தது என்று தெரிந்துகொள்ளட்டும். மீட்டபின் அனுப்பும் காசில் பாதியை அவர் பெயரில் போடுங்கள், பாதியை உங்களுக்குச் செலவழியுங்கள். கண்ணையும் பல்லையும் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.

9 வருடம் தனியார் கம்பனியில் வேலை செய்தேன். இரண்டாவது பிள்ளையோடு விட்டுவிட்டேன். பிறகு கணவரின் சம்பளத்தில் திருநெல்வேலியில் வீடு வாங்கினோம். உறுதி அவர் பெயரில். "எல்லாம் அவற்ற உழைப்பு" என்று சொந்தக்காரர் சொல்லும்போது மனம் நோகிறது.

நோகாமல் என்ன செய்யும். நீங்கள் வீட்டில் இருந்ததால்தான் அவர் நிம்மதியாக உத்தியோகம் பார்த்தார். இதை அந்தச் சொந்தக்காரர் முன்னிலையில் அவர் ஒருமுறை சொன்னால் போதும். சொல்லச் சொல்லி அவரிடம் கேளுங்கள்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறது: தேடிய தேட்டம். தேசவழமைக்கு உட்பட்ட தம்பதியர் மணவாழ்க்கையில் உழைத்து வாங்கியது அதில் அடங்கும். ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால், அவருடைய தேட்டத்தில் பாதி துணைக்கும் மற்றப் பாதி வாரிசுகளுக்கும் போகும். ஆனால் உயிரோடு இருக்கும்போதே உரிமை தெளிவாக இருப்பதுதான் நல்லது. கணவர் சம்மதித்தால் நொத்தாரிசிடம் போய் உறுதியில் உங்கள் பெயரையும் சேர்ப்பது பற்றிக் கதையுங்கள்.

இன்னொன்றை நீங்கள் எழுதவே இல்லை. அந்த 9 வருடத்து ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) எங்கே? உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் உங்கள் பெயரில் சேர்ந்திருக்க வேண்டும். வேலையை விட்டாலும் அந்தக் காசு அழியாது, வட்டியோடு நிற்கும். பெண்களுக்கு 50 வயதில் எடுக்கலாம். கம்பனி தனியாகக் கட்டிய 3 வீத ஈ.ரி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) காசை, வேலையை விட்டவர்கள் அதற்கு முன்னரே கேட்டு எடுக்கலாம். அங்கத்துவ இலக்கத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போய் ஈ.பி.எஃப் பற்றி விசாரியுங்கள். வரும் காசை வீட்டுச் செலவில் கரைக்காமல் உங்கள் பெயரிலேயே வையுங்கள்.

வீடு கட்டச் சேர்க்கிறோம். மூன்று வருடமாகத் திருவிழாவுக்குப் புதுச் சட்டை இல்லை, ஒரு பயணம் இல்லை. மனைவிக்கும் எனக்கும் அடிக்கடி சண்டை. (கொக்குவில்)

சீட்டுக்குக் கட்டுவதுபோல உங்கள் இருவருக்கும் மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். வீடு இரண்டு மாதம் பிந்தினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நல்லூர்த் திருவிழா 25 நாள். அதில் ஒரு பின்னேரம் பிள்ளைகளோடு போய் ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வாருங்கள்.

எனக்கு 71 வயது. புகையிலைத் தோட்டம் செய்து வாங்கிய நாலு பரப்புக் காணியும் வீடும் உண்டு. முழுவதையும் மகளுக்கு எழுதிவிட நினைக்கிறேன். அவள் என்னைப் பார்ப்பாள்தானே? (சுன்னாகம்)

பார்ப்பா என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனாலும் நன்கொடை உறுதியில் உங்கள் சீவிய உரித்தை வைத்து எழுதுங்கள், ஐயா. காணி மகளுடையதாகும், நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை உங்களுடையது. இது மகளை நம்பாத செயல் இல்லை. நாளை மருமகனுக்குக் கடன் வந்தாலும், மகளுக்கே ஏதும் நடந்தாலும் உங்களை யாரும் வெளியேற்ற முடியாது.

பிள்ளைகள் கைவிட்டால் பராமரிப்புக் கேட்க 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் படி ஏறாமல் இருக்கத்தான் இந்த ஒரு வரி. நொத்தாரிசு வாசித்துக் காட்டும்போது "சீவிய உரித்து" என்ற சொல் காதில் விழுந்த பிறகே கையெழுத்து வையுங்கள்.