பழைய .303 லீ-என்ஃபீல்டு ராணுவ ரைஃபிளுக்கு வார்த்த ஈயக் குண்டு எந்த அளவில் இருக்க வேண்டும்?

பெயரில் இருக்கும் .303-ஐ நம்பி அளவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். குண்டைச் சுழற்றுவதற்காகக் குழலின் உள்ளே சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருக்கும், அவற்றுக்கு இடையே மேடுகள் நிற்கும். .303 என்பது மேடுகளின் உச்சியில் அளந்த உள் விட்டம், அங்குலத்தில். குண்டு அடைக்க வேண்டியது பள்ளங்களை. பள்ள விட்டம் பொதுவாக 0.311 அங்குலத்தை ஒட்டி இருக்கும். போர்க்காலக் குழல்களில் 0.316 வரைகூடப் போகும். அதனால் உங்கள் குழலையே அளந்துவிடுங்கள்.

துப்பாக்கி காலி என்று உறுதி செய்து, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்றுங்கள். சற்றே பெரிய மென் ஈயத் துண்டை எண்ணெய் தடவி, குழலுக்குள் மெதுவாகத் தள்ளி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். இங்கேதான் சிக்கல்: பல லீ-என்ஃபீல்டுகளில் 5 பள்ளங்கள். ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே மேடு வரும், சாதாரண மைக்ரோமீட்டர் குறைவாகவே காட்டும். அதற்கு வி-வடிவ தாங்கி கொண்ட மைக்ரோமீட்டர் வேண்டும். 2 பள்ளக் குழல் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

கிடைத்த அளவோடு 0.001 அல்லது 0.002 அங்குலம் கூட்டுங்கள். 0.313 வந்தால் 0.314 அல்லது 0.315. குண்டு சிறிதாக இருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரிக்கும். குழலில் ஈயம் படியும், குறியும் சிதறும். குண்டு கடினமாக இருந்தால் சரியாகிவிடும் என்பார்கள். என்னைக் கேட்டால், கடினத்தைவிட அளவுதான் முக்கியம்.

அப்புறம், பெரிய குண்டைப் பொருத்தியதும், அதைப் பிடித்திருக்கும் தோட்டா உறையின் கழுத்து தடிக்கும். அது துப்பாக்கியில் தோட்டா அமரும் அறைக்குள் இறுகினால் உறை குண்டை விட முடியாது, அழுத்தம் ஆபத்தாக ஏறும். கழுத்தைச் சுற்றி இடைவெளி இருக்கிறதா என்று பார்க்காமல் சுடவே கூடாது.