கொழுந்து கிள்ளும் விரலுக்கு ஒரு பல்லவி

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துச் சபை ஒன்றில் பாடகர் குழுவை நடத்தி வருகிறேன். பாமாலைப் பாட்டுகளை நான்கு குரலில் பயிற்சி செய்து பாடுகிறோம். சபையாரோ புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களைக் கேட்டபடி நிற்கிறார்கள். வாலிபர்கள் கீபோர்டு வைத்துப் புதுப் பாட்டு பாடினாலும் அப்படித்தான். அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பாட்டு எழுதச் சொல்லி ஆயர் கேட்டார். எழுதியதை அனுப்பியிருக்கிறேன். சபை முழுவதும் பாடுகிற மாதிரி இதை எப்படித் திருத்துவது? பழைய பாட்டுகளை எப்படி அமைப்பது? பண்டிகைக்குத் தபேலா வைக்கலாமா, கீபோர்டு ரிதமே போதுமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் பாட்டை வாய்விட்டுப் பாடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ‘சர்வலோக நித்திய மகிமையில் வீற்றிருக்கும் சர்வ வல்லவரே’ என்று பல்லவியைத் தொடங்கியிருக்கிறீர்கள். ஆயர் ஜெபத்தில் இதைச் சொன்னால் சபை ஆமென் சொல்லும். ஆனால் பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குவார்? அடி முடிவதற்குள் மூச்சு முடிந்துவிடுகிறது. வார்த்தைகளும் எந்த ஊர்ச் சபைக்கும் பொருந்தும் பொது வார்த்தைகள்.

மூன்றாம் சரணத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘கொழுந்து கிள்ளும் விரலின் வலி, அறிந்த எங்கள் ஆண்டவரே.’ சகோதரி, உங்கள் பாட்டின் பல்லவி இதுதான். பாட்டுக் கணக்கில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கும் ஒற்றோடு வரும் குறிலுக்கும் இரண்டு என்று வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். கொழுந்து நாலு, கிள்ளும் நாலு, விரலின் நாலு. வலி இரண்டு, மூச்சுக்கு இரண்டு. அறிந்த நாலு, எங்கள் நாலு, ஆண்டவ நாலு, ‘ரே’ இழுத்தால் நாலு. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கும் எண்ணிக்கைக்கு நாலு மாத்திரையாக ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, அப்படியே நிறைகிறது. மூச்சு வாங்கும் இடம் ‘வலி’ என்ற சொல்லுக்குப் பின்னால் தானாகவே அமைந்திருக்கிறது. நீங்கள் எண்ணி எழுதியிருக்க மாட்டீர்கள். காதில் கேட்டு எழுதியிருப்பீர்கள். அந்தக் காதை நம்புங்கள்.

இந்த அடியைப் பல்லவியாக மேலே கொண்டுவாருங்கள். ஆறு சரணம் வேண்டாம், மூன்று போதும். மூன்றும் ஒரே அச்சில் இருக்கட்டும். முதல் சரணம் பாடத் தெரிந்தவருக்கு மற்ற இரண்டும் பாட வர வேண்டும். உங்கள் நான்காம் சரணத்தில் ஒரு வரி மட்டும் ஆறு மாத்திரை கூடுதலாக ஓடுகிறது. மேடையில் பாடும் தனிக்குரல் அதைச் சமாளித்துவிடும். சபையால் முடியாது, அந்த இடத்தில் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள்.

மெட்டுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. 1964-ல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நீலகிரியில் எத்தனையோ உண்டு. உங்கள் சபையிலும் இருந்தால், அந்தப் பாட்டிமாரிடம் போய் உட்கார்ந்து தாலாட்டையும் கும்மியையும் பாடச் சொல்லிக் கேளுங்கள். அந்த நடையில் செஞ்சுருட்டி இராகமோ மோகனமோ எடுத்துக்கொண்டால் வாய்க்கு எளிதாக வரும். முதல் சோதனையும் அவர்களிடமே நடக்கட்டும். புத்தகம் இல்லாமல், இரண்டு தடவை கேட்ட மாத்திரத்தில் பல்லவியைத் திருப்பிப் பாடினார்களானால் பாட்டு சபையில் நிலைத்துவிடும். தடுக்கினால் பாட்டைத்தான் திருத்த வேண்டும்.

இனிப் பழைய பாட்டுகள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த காலந்தொட்டு ஜெர்மன் மெட்டுகளுக்கும், பிறகு ஆங்கில மெட்டுகளுக்கும் தமிழ் வார்த்தைகளைப் பொருத்திப் பாடி வருகிறோம். அவைதான் பாமாலைப் பாட்டுகள். தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் இராகத்திலும் தாளத்திலும் பாடிவைத்த கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-ல் அச்சேற்றினார் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப். பாமாலையும் கீர்த்தனையும் இரண்டுமே நம் சொத்து. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி அமைக்கக் கூடாது.

பாமாலையில் சபை தடுமாறுகிற இடம் பெரும்பாலும் தொடக்கம்தான். ஆங்கில மெட்டுகள் பல, தாளத்தின் முதல் தட்டுக்கு ஒரு ஸ்வரம் முன்னதாகவே கிளம்பிவிடும். தமிழில் சொல்லின் முதல் அசைக்குத்தான் பலம், மோனை நிற்கும் இடமும் அதுதான். ‘கர்த்தர்’ என்று தொடங்கினால் ‘கர்’ முன்னே நழுவி, தட்டு ‘தர்’ மேல் விழுகிறது. அப்படிப்பட்ட மெட்டுக்குப் புது வார்த்தை எழுதும்போது என், உம், நீர், நம் போன்ற ஓரசைச் சொல்லில் தொடங்குங்கள். ‘என் கர்த்தர்’ என்றால் தட்டு சரியாக ‘கர்’ மேல் விழும். நீண்ட ஸ்வரத்தில் தனிக்குறிலை வைக்காதீர்கள். ‘பலம்’ என்று எழுதியது ‘பாலம்’ என்று சபைக்குக் கேட்கும். அச்சில் உள்ள பாட்டின் வார்த்தையை மாற்ற வேண்டாம். மெட்டைக் கொஞ்சம் தளர்த்தி, அந்த இடத்தில் ஸ்வரத்தைக் குறுக்கிப் பாடினால் போதும்.

நான்கு குரலை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். குளிர்காலக் காலையில் அந்த இசை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆனால் முதல் சரணத்தைக் குழுவின் ஆண்களும் சேர்ந்து எல்லாருமே மெட்டை மட்டும் பாடுங்கள். சபைக்கு மெட்டு காதில் விழுந்தால்தான் வாய் திறக்கும். இரண்டாம் சரணத்தில் குரல்களைப் பிரியுங்கள். மூன்றாவதில் வாத்தியங்களை நிறுத்திவிடுங்கள், சபை தன் குரலைத் தானே கேட்கட்டும். குழுவில் பாதிப்பேரைச் சபைக்கு நடுவே உட்காரவைத்தால் இன்னும் நல்லது. முன்வாசிப்புக்குக் கடைசி அடி மட்டும் போதும். ஒவ்வொரு அடி முடிவிலும் கீபோர்டு வாசிக்கும் தம்பி விரலை எடுக்க வேண்டும். அவர் விரல் எடுக்கும் நேரத்தில்தான் சபை மூச்சு எடுக்கிறது.

கீர்த்தனை என்றால் புத்தகத்தில் மேலே போட்டிருக்கும் இராகத்தைப் பாருங்கள். சங்கராபரணம் என்றால் கீபோர்டில் கார்டு (பல ஸ்வரங்களை ஒன்றாக அழுத்துவது) பிடிக்கலாம், பொருந்தும். ஆனந்த பைரவி, தோடி என்றால் கார்டு வேண்டவே வேண்டாம். கீபோர்டு ஸட்ஜமும் பஞ்சமமும் (ச, ப) மட்டும் பிடித்துக்கொண்டிருக்கட்டும். இல்லையென்றால் சபையார் இழைத்துப் பாடுகிற இடத்தில் கார்டு குறுக்கே நிற்கும். எடுப்பு, அதாவது பாட்டுத் தொடங்கும் இடம், தாளத்தின் முதல் தட்டுக்கு அரை இடம் தள்ளி வருகிற கீர்த்தனைக்கு ஒருவர் கையால் தாளம் போட்டுக் காட்ட வேண்டும். பல்லவியைத் தலைவர் ஒருமுறை தனியாகப் பாட, சபை திருப்பிப் பாடுவது நல்ல பழக்கம், அதை விடாதீர்கள்.

சுருதி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வாலிபர்களின் புதுப் பாட்டில் சபை சேராததற்கு முக்கியக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஒலிப்பதிவில் தனிப் பாடகர் பாடிய அதே சுருதியில் வாசிக்கிறார்கள். அவர் ஒன்றரை ஸ்தாயி (‘ச’ முதல் மேல் ‘ச’ வரை ஒரு ஸ்தாயி) ஏறி இறங்குவார். தோட்ட வேலை செய்து களைத்து வந்திருக்கும் சபைக்கு ஒரு ஸ்தாயியும் மேலே ஒன்றிரண்டு ஸ்வரமும்தான் எட்டும். பாட்டின் உச்ச ஸ்வரம் எது என்று முதலில் பாருங்கள். அது கீபோர்டின் நடு ‘சி’-க்கு மேலே இரண்டாவதாக வரும் ‘டி’-யைத் தாண்டாதபடி சுருதியை இறக்கி டிரான்ஸ்போஸ் செய்துகொள்ளுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் எட்டு மணி ஆராதனையின் முதல் பாட்டை இன்னும் ஒரு கட்டை இறக்கினாலும் தவறில்லை.

புதுப் பாட்டைப் பண்டிகை அன்று அறிமுகப்படுத்தாதீர்கள். சில வாரங்களுக்கு முன்பே ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். அவர்கள் தோட்டத்து லயன் வீடுகளில் பாடித் திரிவார்கள், பெரியவர்கள் காதிலும் விழும்.

தபேலாவே வையுங்கள். கீபோர்டு ரிதம் சபையின் மூச்சுக்குக் காத்திருக்காது, தபேலாக்காரர் காத்திருப்பார். ஒன்றே ஒன்று: அறுப்பின் பண்டிகை அக்டோபர், நவம்பரில் வந்தால் கோத்தகிரிக்கு அது நல்ல மழைக்காலம். ஈரத்தில் தோல் தொய்ந்து சுருதி இறங்கும். முந்தின இரவு தபேலாவைக் கோயிலில் வைக்காமல் வீட்டில் உலர்ந்த இடத்தில் துணி சுற்றி வைத்திருங்கள். பாட்டின் சுருதியை முதல் நாளே முடிவு செய்து தபேலாக்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஆராதனைக்கு முன் ஒருமுறை சுருதி சேர்த்துக்கொண்டு, உங்கள் பாட்டுக்கு முந்தின வேதபாடம் வாசிக்கும்போது வெளியே கொண்டுபோய் இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளட்டும்.