நாகம்மாள் நடந்த மண்

கேள்வி: ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலைப் படித்ததிலிருந்து அந்த மண்ணைப் பார்க்க நாங்கள் நாலு பேர் தவிக்கிறோம். எங்கே போவது? எந்த மாதம் நல்லது?
(வாசகி, பெருந்துறை)

பதில்: ஊர்ப் பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். 1917இல் அவர் பிறந்த கீரனூர், புதுக்கோட்டைக் கீரனூரும் அல்ல, பழனிப் பக்கத்துக் கீரனூரும் அல்ல. காங்கேயம் வட்டாரத்தில் இருப்பது. செல்போன் மேப்பில் வெறும் 'கீரனூர்' என்று போட்டால் வேறு ஊரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். திருப்பூரிலிருந்து காங்கேயம் வந்துவிடுங்கள், சுமார் 27 கிலோமீட்டர். அங்கிருந்து கேட்டுக்கொண்டு கிளம்பலாம்.

'நாகம்மாள் வீடு எது?' என்று ஊருக்குள் விசாரிக்க வேண்டாம். அது கொலையில் முடிகிற பாகப்பிரிவினைக் கதை. நீங்கள் நல்லெண்ணத்தோடு கேட்டாலும், யாரோ ஒருவர் வீட்டுப் பழைய சங்கதியைக் கிளறியதாகிவிடும். பார்க்க வேண்டியது காட்டைத்தான்.

காங்கேயத்தைச் சுற்றிய கொறங்காடுகளுக்கு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களுக்கு, நாலு பக்கமும் கிளுவை என்ற முட்செடி வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், மேய்கிற காங்கேயம் மாடுகள். இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே ஒரு வண்டி போகிற அளவுக்கு ஓடும் மண் தடம்தான் இட்டேரி. அதில் ஒரு கிலோமீட்டராவது நடந்து பாருங்கள். பாகம் கேட்பது இந்த மண்ணில் ஏன் அவ்வளவு பெரிய சண்டையாகிறது என்பது அப்போது புரியும். பிரிவினை என்றால் நிலத்தை அளந்து கல் நடுவதோடு முடியாது. புது வேலி வைக்க வேண்டும், மாடு போக தடம் விட வேண்டும், ஒரே கிணற்றில் யாருக்கு எந்த நாள் என்று தண்ணீர் முறை பேச வேண்டும். ஒவ்வொன்றும் தனி வழக்கு.

ஐப்பசி மழை பெய்து முடிந்தபின், கார்த்திகை, மார்கழியில் போங்கள். சித்திரையில் கிளுவை இலை உதிர்த்து வெறும் முள்ளாக நிற்கும். செத்துப்போன வேலி என்றே நினைப்பீர்கள். ஆனால் மாடுகள்தான் முக்கியம் என்றால் சித்திரையிலேயே கண்ணபுரம் மாரியம்மன் திருவிழா மாட்டுச் சந்தைக்குப் போவது நல்லது.

ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், வெள்வேல முள் அடியைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். வேலி வாசலில் இருக்கும் படலைத் திறக்காதீர்கள். பல காடுகளில் மேய்க்க ஆள் கிடையாது, வேலியை நம்பித்தான் மாட்டை விட்டிருப்பார்கள். திறந்த படலைச் சாத்த மறந்தால் மாடு பக்கத்து வெள்ளாமையில் இறங்கிவிடும். அப்புறம் சண்டை உங்களால்.

கேள்வி: பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வாசித்தேன். 60 வயது அம்மாவோடு திருச்செங்கோடு போகிறேன். படியேறலாமா?
(வாசகர், சங்ககிரி)

பதில்: மலைக்கோயிலுக்குப் படிகள் சுமார் 1,200. முழங்கால் வலி இருந்தால் அம்மாவை மலைப்பாதையில் வண்டியில் அனுப்பிவிட்டு நீங்கள் ஏறுங்கள். காலை ஏழு மணிக்குள் தொடங்கிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை காய்ந்துவிடும், படியில் வெறுங்காலை வைக்க முடியாது. வழியில் பாறையில் செதுக்கிய நீண்ட நாகத்தையும், முன்பு வழக்குத் தீரச் சத்தியம் செய்த அறுபதாம்படியையும் பார்க்கத் தவறாதீர்கள். தேர்த் திருவிழா பார்க்க வேண்டுமென்றால் வைகாசி; அப்போது கூட்டம் நெரியும், அம்மாவுக்குத் தோதுப்படாது.

நாவலில் வரும் வறடிக்கல், பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் சுற்றிவரும் பாறை, மலையுச்சியில் இருக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் போதும். சுற்றிவரக் கால் வைக்கும் இடம் மிகக் குறுகல், கீழே பள்ளம். படம் எடுக்கக்கூட அந்த விளிம்புக்குப் போக வேண்டாம்.