கல்யாண வீட்டில் எளிமையாக இருக்க முடியுமா?

கேள்வி: "இயற்கையோடு ஒட்டிய எளிய வாழ்க்கைக்கு ஓரளவு பழகிவிட்டோம். ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். கல்யாண வேலை, தினசரிச் சமையல் இரண்டுக்கும் நடுவே இந்தப் பழக்கத்தைக் காப்பாற்ற முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

முக்கால்வாசி முடியும். மீதிக் கால்வாசியை நினைத்து வருத்தப்படாமல் இருந்தால் போதும்.

போன வருடம் வைகாசியில் எங்கள் மூத்தவளுக்குக் கல்யாணம். வீடு பாளையங்கோட்டையில், மண்டபமும் ஊருக்குள்ளேயே. மதியச் சாப்பாட்டுக்கு 450 இலை. நாங்கள் ஏழெட்டு வருடமாகவே செக்கு எண்ணெய், கருப்பட்டி, துணிப்பை என்று இருக்கிறவர்கள். அதனால் கல்யாணத்தையும் அப்படியே நடத்திவிடலாம் என்று ஒரு நோட்டு போட்டு எழுத ஆரம்பித்தேன். அலங்காரம், இலை, தண்ணீர், தாம்பூலப் பை, பூ என்று நோட்டு நிரம்பியது. அதில் எங்கள் வீட்டு அடுப்படிக்கு ஒரு பக்கம்கூட இல்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

ஒருநாள் சாயங்காலம் மண்டப மேனேஜரிடம் அரை மணி நேரம் வாதாடினேன். காப்பிக்குப் பேப்பர் கப் கூடாது, பந்தி மேஜையில் பிளாஸ்டிக் தாள் விரிக்கக் கூடாது என்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 வகைப் பொருட்களில் இவை இரண்டும் உண்டு என்பதையும் எடுத்துச் சொன்னேன். பேப்பர் கப்பின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பது அவருக்கே புதுச் செய்தியாக இருந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பது. வழியில் இட்லியும் பரோட்டாவும் பார்சல் வாங்கிக்கொண்டோம். சாப்பிட்டு முடித்துக் குப்பைக் கூடையைக் கட்டும்போதுதான் பார்த்தேன். அந்த ஒரு வாரத்துச் சாம்பார், சட்னி, சால்னா பாக்கெட்டுகள் மட்டும் 31. எண்ணாமல் இருந்திருக்கலாம்.

கல்யாணம் ஒரு நாள். அதற்கு முன்னால் இரண்டு மாதம் வீட்டில் தினமும் மூன்று வேளை சாப்பிட வேண்டும். ஜவுளி எடுக்க ஒரு நாள், நகைக்கடைக்கு நாலு நாள், பத்திரிகை கொடுக்க இருபது நாள். அதிலும் பத்திரிகை கொடுக்கப் போவது தனிக் கொடுமை. பன்னிரண்டு வீட்டுக்குப் போனால் பன்னிரண்டு காப்பி. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், ராத்திரி பத்து மணிக்குத்தான் அகோரப் பசி எடுக்கும். அந்த நேரத்தில் யார் உலை வைப்பது?

இதைச் சரிசெய்ய நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. புது வகைச் சமையல் எதுவும் வேண்டாம், பழகியதே போதும் என்று முடிவு செய்தோம், அவ்வளவுதான். ஞாயிறும் புதனும் மாவு ஆட்டுவது. நாலுக்கு ஒன்று உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். சித்திரை வெயிலில் மாவு சீக்கிரம் புளித்துவிடும், அதனால் ஒரே தடவையில் அதிகமாக ஆட்டக் கூடாது. மண்சட்டியில் மணத்தக்காளி வத்தல் போட்டு, நல்லெண்ணெய் மிதக்க ஒரு புளிக்குழம்பு. இரண்டு நாளைக்குத் தாங்கும், இரண்டாம் நாள்தான் ருசியே. பருப்புப்பொடி ஒரு டப்பா, எள்ளுப்பொடி ஒரு டப்பா.

சனிக்கிழமை எங்கள் பக்கத்து வழக்கப்படி உளுந்தஞ்சோறு. அரிசி இரண்டு பங்கு, தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து ஒரு பங்கு, பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய்த்துருவல். எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். ஊர் சுற்றிக் களைத்த இடுப்புக்கு அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. வாரக் கடைசியில் மிஞ்சிக் கிடக்கும் அரைக் கத்தரிக்காய், ஒற்றை முருங்கைக்காய், வாழைக்காய்த் துண்டு, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை எல்லாம் கூட்டாஞ்சோற்றுக்குள் போய்விடும்.

காலையில் பெரும்பாலும் பழையதுதான். ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் அடுப்பே பற்றவைக்க வேண்டாம். மோர், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். அக்கினி நட்சத்திர வெயிலில் அலைய வேண்டிய நாளில் இட்லியைவிட இது உடம்புக்குக் குளிர்ச்சி. முதல் நாள் எங்கள் ஆச்சி கேட்டாள்: "ஏட்டி, கல்யாண வீட்டுல பழையதா குடிக்கிறது? யாராவது வந்தா என்ன நெனப்பாவ?" வந்தார்கள். மதுரையிலிருந்து வந்த மதினி பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு சட்டியில ஊத்து என்றாள்.

வெளியே கிளம்பும்போது நாலு அடுக்குத் தூக்கில் புளியோதரை, தயிர்சாதம், ஒரு துவையல். ஜவுளிக்கடைக்கு வெளியே காரில் உட்கார்ந்து சாப்பிட எங்க வீட்டுக்காரருக்கு முதலில் கூச்சம். இரண்டாவது தடவை அவரே ஊறுகாய் எடுத்து வைத்தாயா என்று கேட்டார். எடுத்து வைக்கிற வேலையையும் அதோடு அவரிடமே கொடுத்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எளிய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள், மாவை யார் ஆட்டுவது, தூக்கை யார் கழுவுவது என்று சொல்வதே இல்லை. கடையில் வாங்கினால் பத்து நிமிடம், வீட்டில் செய்தால் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் இருக்கும் ஒரே பெண்ணின் தலையில் விழுந்தால், அவளுக்கு அது எளிமை இல்லை, தண்டனை. கிரைண்டர் என் வீட்டுக்காரருக்கு, தேங்காய் துருவுவது மகனுக்கு, பாத்திரம் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்களோ அவர்களுக்கு என்று பிரித்த பிறகுதான் இது நடந்தது. கல்யாணப் பெண்ணுக்கும் வேலை உண்டு. மருதாணி போட்ட நாளைத் தவிர.

நான் செய்த பெரிய தப்பு நிச்சயதார்த்தத்தில். 60 பேர் சாப்பாடு. மாப்பிள்ளை சம்பாதான் வேண்டும், பேரே பொருத்தமாக இருக்கிறதே என்று பிடிவாதம் பிடித்தேன். வயலில் ஏறக்குறைய 160 நாள் நிற்கிற நெல் அது. அரிசி சிவப்பாக, தடிப்பாக இருக்கும். முந்தின ராத்திரியே ஊறப் போட வேண்டும். எங்கள் தவசுப்பிள்ளை, அதாவது விசேஷச் சமையல்காரர், பொன்னியில் கை பழகியவர். "இத நான் வச்சதில்லம்மா" என்று நேராகவே சொன்னார். நான்தான் கேட்கவில்லை. காலையில் ஊறப்போட்டு மதியம் வடித்த சோறு விதை விதையாக நின்றது. பல்செட் கட்டியிருந்த சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு கவளத்தையும் மென்று முடிக்கும்வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு மறுபேச்சு இல்லாமல் பொன்னி. மாப்பிள்ளை சம்பாவை நம் வீட்டில் கஞ்சி வைத்துக் குடிக்கலாம். நம் கொள்கையைப் பரீட்சை பண்ணுவதற்கு விருந்தாளி வயிறு இடம் இல்லை.

மண்டபத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதையும் சொல்கிறேன்.

வாசலுக்குக் குலைவாழை, குருத்தோலைத் தோரணம், இரண்டு நுங்குக் குலை. தெர்மக்கோல் மயில் வேண்டாம் என்று சொன்னதில் செலவும் குறைந்தது. பூ தோவாளையிலிருந்து நேராக வந்தது. பிச்சிப்பூவும் அரளியும் எங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும்போது, பிளாஸ்டிக் உறை சுற்றிய ரோஜாவை ஐஸ் பெட்டியில் வைத்து எங்கிருந்தோ வரவழைப்பானேன்?

தண்ணீர் விஷயத்தில் மாப்பிள்ளை வீட்டாரோடு கொஞ்சம் உரசல். பாட்டில் வைக்காவிட்டால் கௌரவக் குறைச்சல் என்று அவர்கள் நினைத்தார்கள். ஆளுக்கு இரண்டு என்றாலே 900 பாட்டில் என்று கணக்குச் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து 600 எவர்சில்வர் டம்ளர் எடுத்து, சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை ஜக்கில் ஊற்றிப் பரிமாற இரண்டு ஆள் கூடுதலாகப் போட்டோம். மேடைக்குப் பக்கத்தில் பெரியவர்களுக்கு மட்டும் இரண்டு பெட்டி பாட்டில். டம்ளர் கழுவ ஆள் கூலியும் தண்ணீரும் அதிகம் செலவானது உண்மை. ஆனால் எச்சில் இலையோடு பாட்டிலும் மூடியும் கலக்கவில்லை. இலையை எடுத்துப்போன மாட்டுக்காரர் அதைத் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தாம்பூலப் பையில் ஏமாந்துவிடாதீர்கள். கடையில் "துணிப்பை" என்று கலர் கலராகக் காட்டுவது பெரும்பாலும் நெய்யாத துணி. தொட்டால் துணி மாதிரி இருக்கும், ஆனால் அது பிளாஸ்டிக்தான், அதே தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஒரு ஓரத்தில் நூல் பிரிகிறதா என்று இழுத்துப் பாருங்கள். நாங்கள் காடாத் துணி வாங்கித் தெருவிலேயே ஒரு தையல்காரம்மாவிடம் கொடுத்து மஞ்சப்பை தைத்தோம். கல்யாணத் தேதி எதுவும் அதில் அச்சடிக்கவில்லை. தேதி போட்ட பையைத் தூக்கிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போக நிறையப் பேருக்கு மனசு வராது.

பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்ற என் யோசனை எடுபடவில்லை. எங்கள் ஊரில் வெற்றிலைபாக்கோடு வீட்டுக்கு வந்து கூப்பிட்டால்தான் அழைப்பு. சரி என்று 200 மட்டும் சாதாரணத் தாளில், பளபளப்புப் பூச்சு இல்லாமல் அடித்தோம். முகூர்த்தப் பட்டிலும் விட்டுக்கொடுத்தேன், புதுசாகவே எடுத்தோம். வரவேற்புக்கு மட்டும் மகள் என்னுடைய பழைய பட்டைக் கட்டிக்கொண்டாள். அவளாகக் கேட்டது, நான் சொல்லவில்லை.

செலவில் மனசுக்கு மிகவும் பிடித்தது பாய்தான். பத்தமடை எங்களுக்குப் பக்கம். கோரைப்புல்லைப் பட்டுப் போல மெல்லிசாகக் கிழித்து நெய்கிற பாயில் மணமக்கள் பேரையும் சேர்த்து நெய்து தருவார்கள். அந்த ஊர் இஸ்லாமியக் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்து வரும் வேலை. ரொம்ப முன்னாடியே சொல்லிவைக்க வேண்டும், கடைசி வாரத்தில் போய் நின்றால் கிடைக்காது.

பலகாரத்தில் கடைப் பெட்டிக்குப் பதிலாக முந்திரிக்கொத்து. பேரில்தான் முந்திரி. பாசிப்பயறை வறுத்துத் திரித்து, வெல்லப்பாகு, தேங்காய், எள் சேர்த்து உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் போட்டு எடுப்பது. நாலைந்து உருண்டை சேர்ந்து கொத்தாக வரும். தேங்காயை ஈரம் போக நன்றாக வறுத்துவிட்டால் பத்து நாள் கெடாது. பலகாரக்காரம்மாவை வீட்டுக்கே வரவழைத்து இரண்டு நாளில் முடித்தோம். உடன்குடிக் கருப்பட்டியில் செய்யத்தான் ஆசை, 450 பேருக்கு விலை கட்டவில்லை. வெல்லத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுவீட்டுக்குச் சொதி. திருநெல்வேலியில் சைவ வீட்டுக் கல்யாணத்தை அது இல்லாமல் முடிக்க மாட்டார்கள். இதற்கு வெளியாள் வேண்டாம் என்று நானே வைத்தேன், 40 பேருக்கு. தேங்காயில் மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் காய்கறியை வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பும் இஞ்சி பச்சைமிளகாய் விழுதும் சேர்த்து, இரண்டாம் பால், கடைசியில் முதல் பால். முதல் பால் ஊற்றிய பிறகு கொதிக்கவிடக் கூடாது. இறக்கி ஆறிய பிறகுதான் எலுமிச்சை. தேங்காய்ப்பால் மந்தம் என்பதால் பக்கத்தில் இஞ்சிப் பச்சடி கட்டாயம், உருளைக்கிழங்கு சிப்ஸ் ஆசைக்கு. பல்செட் பெரியவர் மூன்று தடவை கேட்டு வாங்கினார். நிச்சயதார்த்தக் கணக்கு அதில் நேராகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டுக் கல்யாணம் ஆவணியில் என்கிறீர்கள். அப்படியானால் கூழ் வடகத்தை இப்போதே போட்டுவிடுங்கள். அரிசிமாவைக் கிண்டும்போது பச்சைமிளகாய், உப்பு, சீரகம், கொஞ்சம் புளித்த மோர். நல்ல வெயிலில் மூன்று நாள் காய்ந்தால் போதும். தெருப் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டால் ஒரே காலையில் வேலை முடியும், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஆடிக்குத் தள்ளிப்போட வேண்டாம், அந்தக் காற்றில் மாடியில் வடகம் பிழிய விரித்த வேட்டி நிற்காது. தென்காசிப் பக்கம் என்றால் ஆனியிலேயே சாரல் வந்துவிடும்.