பெரட்டுல பின்னுக்குப் போன மின்ட்

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். விண்டோஸ் 11 ஆமை மாதிரி நவுருதுன்னு மவன் அவனோட லெப்டாப்புல பக்கத்துலயே லினக்ஸ் மின்ட்டுன்னு விண்டோஸ் மாதிரி இன்னொரு சிஸ்டமும் போட்டு வச்சிருந்தான், தொறந்தா எது வேணும்னு கேக்கும். போன வாரம் விண்டோஸ் என்னமோ அப்டேட் பண்ணிச்சு, அதுலேர்ந்து கேக்குறதே இல்ல, நேரா விண்டோஸுக்குப் போயிடுது. அவன் ஸ்கூல் வேலை முழுக்க மின்ட்டுலதான் கெடக்கு. கடையில காட்டுனா ஃபார்மெட் போடணும், 80 வெள்ளி ஆவும்ங்கறாங்க. போடலாமா?

பதில்: போடாதீங்கம்மா. லெப்டாப்ப மொதல்ல வீட்டுக்குக் கொண்டாந்துருங்க. கடைப் பையன்மேல கோவமில்ல, ஃபார்மெட்டுன்னா கைபழகுன வேலை, காரணம் தேடுனா அரை நாள் போயிடும், அவருக்கும் கட்டாது. ஆனா மவன் வேலை போனா போனதுதான்.

காலையில பெரட்டுல கிராணி பேர் கூப்பிடுவாருல்ல, அதே மாதிரி ஒரு லிஸ்டு மதர்போர்டுல இருக்கு, பூட் ஆர்டர்னு சொல்றது அதத்தான். லிஸ்ட வச்சிக்கிட்டு பேர் கூப்பிடுற மென்பொருளுக்குப் பேரு யூஇஎஃப்ஐ, பழக்கத்துல பயோஸ்னும் சொல்லுவாங்க. யார் பேரு மொதல்ல இருக்கோ அவருதான் வேலைக்கு எறங்குவாரு. சில சமயம் அப்டேட் முடிஞ்சதும் விண்டோஸ் தன் பேர மேல ஏத்திக்கும். மின்ட் எங்கயும் போவல, வரிசையில பின்னாடி நிக்குது, அவ்ளோதான்லா.

பவர் பட்டன அமுக்குன கையோட, டெல்லும் லெனோவோவும்னா எஃப்12, ஹெச்பின்னா எஸ்கேப்ப தட்டிட்டு எஃப்9, ஏசுஸ்னா எஸ்கேப், விடாம தட்டுங்க. ஏசர்லயும் எஃப்12தான், ஆனா பயோஸ்ல அந்த வசதிய ஆன் பண்ணியிருக்கணும். ஒரு லிஸ்டு வரும். அதுல மின்ட்டுன்னு தேடி இல்லையேன்னு பயந்துறாதீங்க, அது உபுண்டுங்கற பேர்லதான் நிக்கும், நானே மொத தடவ இதுல ஏமாந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கேன். அத அமுக்கி மின்ட் தொறந்துச்சுன்னா பாதி ஜெயிச்சாச்சு, மவன் ஃபைல்கள மொதல்ல ஒரு பென்டிரைவ்ல எடுத்து வைக்கச் சொல்லுங்க. அப்புறம் பயோஸுக்குள்ள போயி பூட் ஆர்டர்ல உபுண்டுவ மேல தூக்கி வச்சு சேவ் பண்ணுனா பழைய மெனு வந்துரும்.

லிஸ்டுல உபுண்டுவே இல்லன்னா? மின்ட் போட்டப்ப வச்சிருந்த யுஎஸ்பிய குத்தி அதுலேர்ந்து தொறங்க, இன்டர்நெட்ட இணைச்சிக்கிட்டு மெனுல அட்மினிஸ்ட்ரேஷன்ல பூட் ரிப்பேர்னு ஒண்ணு இருக்கும், பெரும்பாலும் அதுவே சரி பண்ணிரும்.

ஒருவேளை செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்னு எழுத்து வந்து நின்னுச்சுன்னா அது வேற கதை. 2024 ஆகஸ்ட்ல வந்த விண்டோஸ் அப்டேட்டால நெறைய பேருக்கு இப்புடித்தான் லினக்ஸ் ஏறாம போச்சு. அப்ப பயோஸ்ல செக்யூர் பூட்டுன்னு இருக்குற பாதுகாப்பு வசதிய கொஞ்ச நேரம் அணைச்சு, மின்ட்ட அப்டேட் பண்ணிட்டு, அந்த வசதிய திரும்ப ஆன் பண்ணணும். அதுல கைய வைக்கறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடுற பூட்டு) ரிக்கவரி கீய கண்டிப்பா எழுதி வச்சிக்கச் சொல்லுங்க, பிட்லாக்கர் ஆன்ல இருந்தா விண்டோஸ் அந்தக் கீய கேக்கலாம், அது கையில இல்லன்னா விண்டோஸ் பக்கமும் பூட்டிக்கும்.

கேள்வி: விண்டோஸ் பக்கத்துல ஃபெடோரா லினக்ஸ் போட்டதுலேர்ந்து விண்டோஸ் கடிகாரம் தப்பா ஓடுது. ராத்திரி 9 மணிக்கு மத்தியானம் 1ன்னு காட்டுது. லெப்டாப் கெட்டுப் போச்சா அண்ணே?

பதில்: கெடல தம்பி. சரியா 8 மணி நேரம் கொறையுது பாருங்க, நம்ம மலேசியா நேரத்துக்கும் யுடிசிங்கற உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே அதான். லினக்ஸ் மெஷின் கடிகாரத்துல யுடிசிய வைக்கும், விண்டோஸ் அதயே உள்ளூர் நேரம்னு படிச்சிக்கும். ஃபெடோராவுல கட்டளை அடிக்கிற டெர்மினல்ல timedatectl set-local-rtc 1ன்னு போட்டு, விண்டோஸ்ல நேரத்த ஒரு தடவ சரி பண்ணிருங்க.

கேள்வி: டெஸ்க்டாப்புங்க. இடி மழைக்கு கரண்டு போயி வந்தா பூட் ஆர்டர் மாறிடுது, தேதியும் பல வருஷம் பின்னாடி போயிடுது.

பதில்: மதர்போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. கரண்டு இல்லாதப்ப தேதியையும் பயோஸ் செட்டிங்கையும் காப்பாத்துறது அதுதான். தீந்து போயிருக்கு, மாத்துங்க. பிளக்க கழட்டிட்டு மாத்துங்க.