அழுத்தும் முன்பே ஓடும் பட்டன்

கேள்வி: பைத்தானில் டிகின்டர் (விண்டோ, பட்டன் உருவாக்க உதவும் லைப்ரரி) பட்டனுக்கு கமாண்ட்=சேமி() என்று கொடுத்தேன். விண்டோ திறக்கும்போதே சேமித்துவிடுகிறது. பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. ஏன்?

பதில்: பைத்தானில் எண், லிஸ்ட் போல ஃபங்ஷனும் ஓர் ஆப்ஜெக்ட்தான். ‘சேமி’ அதைச் சுட்டும் பெயர். பின்னால் () வந்தால் அங்கேயே ஓடிவிடும். உங்கள் ஃபங்ஷன் எதையும் ரிட்டர்ன் செய்யாததால் பட்டனுக்குக் கிடைத்தது வெறும் ‘நன்’ (None), அதாவது ‘எதுவும் இல்லை’. அடைப்புக்குறியை எடுத்துவிட்டு கமாண்ட்=சேமி என்று கொடுங்கள், போதும். மதிப்பும் அனுப்ப வேண்டுமா? லாம்டா: சேமி(5) என்று கொடுங்கள். லாம்டா என்பது பெயரில்லாத சிறு ஃபங்ஷன்.

இதோடு விட்டால் அடுத்த வாரம் இன்னொரு கேள்வி அனுப்புவீர்கள். ஃபார் லூப்பில் பத்து பட்டன்களுக்கு லாம்டா: சேமி(எண்) என்று எழுதினால், பத்தும் கடைசி எண்ணையே சேமிக்கும். லாம்டா மதிப்பைப் பிடித்து வைப்பதில்லை. பட்டனை அழுத்தும்போதுதான் ‘எண்’ என்ற பெயரைத் தேடுகிறது. லாம்டா எண்=எண்: சேமி(எண்) என்று மாற்றுங்கள். இந்த எண்=எண் ஒரு டீஃபால்ட் மதிப்பு; அது ஃபங்ஷன் உருவாகும்போதே கணக்கிடப்பட்டு, அந்த ஆப்ஜெக்டிலேயே தங்கிவிடும்.